ஏட்டில் இல்லாத எல்லை

கல்முனைக் கரையோரத்தில் வளர்ந்த ஒருவன் நீரைப் பற்றிக் கற்கும் முதற்பாடம் பாடசாலையின் விஞ்ஞானப் பாடமன்று. அதற்கு முன்னரே குர்ஆன் மதரசாவில் அப்பாடம் தொடங்கிவிடுகின்றது. ஷாபிஈ மத்ஹபைத் தழுவிய இவ்வூர்களில், இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீரில் அசுத்தம் விழுந்தாலும் அதன் நிறமோ சுவையோ மணமோ மாறினாலன்றி அந்நீர் அசுத்தமாகாது என்பதையும், அவ்வளவிற் குறைந்த நீர் அசுத்தம் பட்டவுடனேயே கெட்டுவிடும் என்பதையும் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். பள்ளிவாசலுக்கு ஹவுழ் கட்டுவோர் அவ்வளவை மனத்திற்கொண்டே கட்டுவர். இது வணக்கத்திற்குரிய தூய்மையைப் பற்றிய விதி. நஞ்சைப் பற்றிய விதியன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் தகாது. ஆயினும் இவ்விதியிலிருந்து நமது விவாதத்திற்கு வேண்டிய செய்தியொன்று கிடைக்கின்றது. நீரின் பொருட்டு ஓர் அளவை வரையறுத்து, அதனைச் சாமானியனும் அறியுமாறு செய்து, ‘இதற்கு இப்பால் ஆகும், அப்பால் ஆகாது’ என்று வழக்கைத் தீர்த்துக்கொள்ளும் மரபு நமக்குப் புதிதன்று. அத்தகைய மரபிற் பிறந்த நாம், இன்று நமது கிணற்று நீரில் எந்த இரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்று கேட்பதை மட்டும் மேலைத்தேயத்தாரின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடுகின்றோம். அந்த ஒதுக்கலை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நிறம், சுவை, மணம் என்னும் மூன்று சாட்சிகளையும் நம்பியே நமது முன்னோர் நீர் அருந்தினர். பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இம்மணற்பரப்பின் கீழ், உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையே கிணறுகளை ஊட்டுகின்றது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது அந்த நன்னீர்ப் படை உப்பாகிப் போனதை நமது நாக்கு உடனே சொன்னது. வாளி வாளியாக இறைத்தோம். இயந்திரம் வைத்தும் இறைத்தோம். அடுத்தடுத்த மாரிகள் பெய்ய, உப்பு மெல்ல மெல்ல இறங்கியது. ‘இப்போது குடிக்கலாம்’ என்று தீர்ப்பளித்ததும் அதே நாக்குத்தான். அன்றைய அனுபவம் நம்மிடையே ஒரு பிழையான நம்பிக்கையையும் விட்டுச் சென்றுள்ளது: தெளிந்து, சுவைத்து, மணமின்றி இருக்கும் நீர் நல்ல நீர் என்பதே அது.

அந்நம்பிக்கையைப் பொய்ப்பிக்கும் பொருட்கூட்டமொன்று கடந்த முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக உலகில் உற்பத்தியாகி வருகின்றது. பெர்புளோரோ அல்கைல், பொலிபுளோரோ அல்கைல் பதார்த்தங்கள் என இரசாயனவியலார் இவற்றை அழைப்பர். நிலைத்த புளோரீன் சேர்வைகள் என நாம் இங்கு குறிப்போம். காபனுக்கும் புளோரீனுக்கும் இடையிலான பிணைப்பு சேதன இரசாயனத்தில் அறியப்பட்ட மிக வலிய பிணைப்புகளுள் ஒன்று. அப்பிணைப்பின் வலிமையால் எண்ணெயும் ஒட்டாது, நீரும் ஒட்டாது, வெப்பமும் எளிதிற் சிதைக்காது. ஒட்டாத தாச்சியிலும், மழை நனைக்காத ஆடையிலும், எண்ணெய் ஊறாத உணவுக் கடதாசியிலும், எரிபொருட் தீயை அணைக்கும் நுரையிலும் இவை பயன்பட்டமைக்குக் காரணம் அதுவே. மண்ணிலுள்ள நுண்ணங்கிகளாலும் இவற்றைத் தின்று தீர்க்க இயலாமைக்குக் காரணமும் அதுவேயாகும். இவற்றுள் பி.எப்.ஓ.ஏ. எனப்படும் ஒன்று மனித உடலிற் புகுந்தால் அதில் அரைப்பங்கு வெளியேறவே இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை செல்லும். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவராண்மை 2023ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதலாம் தொகுதியிற் சேர்த்தது. பரோயே தீவுகளின் மீனவக் குடும்பங்களிற் பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தோர், குருதியில் இச்சேர்வைகள் மிகுந்த பிள்ளைகளிடம் ஏற்பு வலி, தொண்டைக்கரப்பான் தடுப்பூசிகளால் உண்டாகும் எதிர்ப்பாற்றல் குறைந்திருந்ததை 2012இல் வெளியிட்டனர். மீனுண்டு வாழும் இன்னொரு கரையோரத்தார் அச்செய்தியை அசட்டை செய்தல் ஆகாது.

‘இவையெல்லாம் எங்கோ நடப்பவை’ என்போருக்கு ஒரு தகவல். கொழும்பு நகரத்தவரினதும் நாட்டுப்புறத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரினதும் குருதியில் இச்சேர்வைகள் காணப்பட்டமையை 2005ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று பதிவு செய்துள்ளது. ஒட்டாத தாச்சியில் ஒருநாளேனும் சமைத்திராத தோட்டத் தொழிலாளியின் உடலிலும் அது இருந்தது என்றால், கல்முனை மட்டும் உலகிற்கு வெளியே இருக்கின்றதா?

இங்கே என்னைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. நமது கிணறுகள் இந்நஞ்சால் நிறைந்துள்ளன என்று நான் கூறவில்லை. பீதியைக் கிளப்புவது பல்கலைக்கழகத்தாரின் தொழிலன்று. என் குற்றச்சாட்டு வேறு. இலங்கையின் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614, முதலில் 1983ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு 2013ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. ஆசனிக்கு இலீற்றருக்கு 0.01 மில்லிகிராம் என்றும், நைத்திரேற்றுக்கு 50 மில்லிகிராம் என்றும், புளோரைட்டுக்கு 1 மில்லிகிராம் என்றும் அத்திருத்தம் எல்லை கூறுகின்றது. நிலைத்த புளோரீன் சேர்வைகளுக்கு அதில் எல்லை எதுவும் இல்லை. நிலைத்திருக்கும் சேதன மாசுக்கள் பற்றிய ஸ்ரொக்ஹோம் சமவாயத்தை இந்நாடு 2005ஆம் ஆண்டில் ஏற்று உறுதிசெய்தது. அச்சமவாயம் பி.எப்.ஓ.எஸ். என்பதை 2009இலும், பி.எப்.ஓ.ஏ.யை 2019இலும், பி.எப்.எச்.எக்ஸ்.எஸ். என்பதை 2022இலும் தன் பட்டியலிற் சேர்த்தது. உலக அரங்கிலே கையொப்பமிட்ட பொருளுக்கு உள்ளூர்க் குவளையில் அளவில்லை! எல்லை இல்லாதபடியால் அளக்கும் கடமையும் எவருக்கும் இல்லை. அளக்காதபடியால் முறைப்பாடும் இல்லை. முறைப்பாடு இல்லாதபடியால் ‘பிரச்சினை இல்லை’ என்ற அறிக்கை எழுதப்படும்.

சில ஆண்டுகளின் முன் எமது வீட்டுக் கிணற்று நீரை ஓர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசென்றேன். ஒரு வாரத்தின் பின் கிடைத்த தாளில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. பதினொன்றின் எதிரே ‘ஏற்கத்தக்கது’ என்றிருந்தது. எதையெதை நீங்கள் பார்க்கவில்லை என்று கேட்டேன். மேசைக்கு அப்பாலிருந்த இளைஞர் என்னை விநோதமாகப் பார்த்து, “அதற்கு நியமம் இல்லை, சேர்” என்றார். அவரை நான் குறைகூறவில்லை. ஓர் அரசு தன் ஊழியனின் வாயில் வைத்தனுப்பிய விடை அது.

இவ்வாதத்துக்கு எதிராக முதலிற் கிளம்புவோர், நமக்கு முன்னே வேறு பெரும் பிரச்சினைகள் கிடக்கின்றன என்பர். அவர்கள் கூறுவதில் உண்மையுண்டு. அதனை மறைக்க வேண்டியதில்லை. நெருங்கிய வளவுகளில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி போதாது. நைத்திரேற்றும் குடற்கிருமிகளும் நமது உடனடிப் பகைவர். சாய்ந்தமருதுத் தோணாவில் கொட்டப்படும் குப்பையைப் பற்றிப் பேசாமல் அமெரிக்கத் தாச்சியைப் பற்றிப் பேசுவது சிலருக்கு நகைப்பாகவும் தோன்றலாம். ஆனால் இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகளா? பூச்சுக் கடதாசியும் பழந்துணியும் கழித்துவிட்ட தாச்சியும் பள்ளக் காணிகளையும் தோணாக்கரையையும் நிரப்பும் குப்பையோடு சேர்ந்தே போகின்றன. அவற்றைக் கழுவிவரும் மழைநீரை உறிஞ்சுவது சேதனப் பொருள் குறைந்த மணல். இச்சேர்வைகளைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அம்மணலுக்குச் சொற்பம். குழாய் நீர் வந்துவிட்டதே என்பாரும் உளர். கல்லோயா நீர் கொண்டவெட்டுவானிற் சுத்திகரிக்கப்பட்டுக் கரையோரத்துக்கு வருவது பெரிய பேறுதான். எனினும் படிகாரமும் மணல் வடிகட்டலும் குளோரீனும் கிருமியையும் கலங்கலையும் வெல்லுமேயன்றி இச்சேர்வைகளை அகற்றமாட்டா. கொதிக்கவைத்தலும் பயனற்றது. நீர் ஆவியாகும், நஞ்சு எஞ்சும்.

எல்லையொன்று ஏட்டில் இருப்பதால் என்ன விளையும் என்பதை அறிய வெளிநாடு செல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் போதும். அனல்மின் நிலையச் சூழலிற் கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாக மக்கள் முறையிட்டனர். நிபுணர் குழுவொன்று ஆபத்தான மாசு இல்லை என்ற தொனியில் அறிக்கை தந்தது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பரிசோதனையோ பல கிணறுகளில் எண்ணெயும் கிறீசும் நியமத்தை மீறியிருந்ததைக் காட்டியது. உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில், மின்னிலையத்தை நடத்திய தனியார் கம்பனி பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. சுன்னாகத்து விவசாயியின் வாய்ச்சொல்லை நிபுணர் மறுக்கலாம். நியமத்திலிருந்த எண்ணை அவரால் மறுக்க இயலவில்லை. அந்த எண் ஏட்டில் இல்லாதிருந்தால் நீதியரசர் எதனைக் கையிலெடுத்து எதனோடு ஒப்பிட்டிருப்பார்? எண்ணெயாவது கண்ணுக்குத் தெரிந்தது. நாம் பேசும் பொருள் நீதிமன்றத்து மேசையில் ஒரு குவளை தெளிந்த நீராகவே நிற்கும்.

முறைப்பாட்டுக்குச் சட்டத்தின் வழி அடைபடும்போது அது தெருவுக்கு வரும். கம்பஹா மாவட்டத்து வெலிவேரியவில், கையுறைத் தொழிற்சாலையொன்றினால் தம் கிணற்று நீர் அமிலமாகிவிட்டது என்று திரண்ட மக்கள்மீது 2013 ஓகஸ்ட் 1 அன்று படையினர் சுட்டதில் மூவர் மாண்டனர். குடிநீர் கேட்டு உயிர்விட்டோர் இந்நாட்டில் உண்டு என்பதை, ‘இது ஆய்வுகூடத்தாரின் வேலை’ என்று புன்னகைப்போர் நினைவிற்கொள்ளட்டும்.

இனி, எதிர்வாதங்களுள் வலிமை மிக்கதை எடுத்துக்கொள்வோம். எந்த எண்ணை எழுதுவது? அறிஞரே ஒருமித்து நிற்கவில்லையே என்பது அவ்வாதம். அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவராண்மை பி.எப்.ஓ.ஏ.க்கு 2009இல் இலீற்றருக்கு 400 நனோகிராம் என்றது, 2016இல் பி.எப்.ஓ.எஸ். உடன் சேர்த்து 70 என்றது, 2022இல் 0.004 என்று இடைக்கால அறிவுரை கூறியது. 2024இல் இவ்விரண்டுக்கும் தனித்தனியே 4 எனச் சட்ட எல்லை விதித்தது. மறு ஆண்டிலேயே, வேறு சில சேர்வைகளுக்கு விதித்த எல்லைகளைக் கைவிடப்போவதாகவும், இவ்விரண்டிற்குரிய காலக்கெடுவை 2031 வரை நீட்டப்போவதாகவும் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் இருபது சேர்வைகளின் கூட்டுத்தொகைக்கு 100 நனோகிராம் என்று வேறொரு வழியிற் சென்றது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வரைவிலே இரண்டுக்கும் தனித்தனியே 100 என்றபோது, விஞ்ஞானிகள் பலர் அதனைக் கண்டித்தனர். இத்தனை குழப்பத்தின் நடுவே ஏழை நாடொன்று என்ன செய்யும் என்று கேட்கின்றனர்.

குழப்பம் உண்மை. ஆனால் எல்லை எழுதப்படாத காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். மேற்கு வேர்ஜீனியாவின் பார்க்கேர்ஸ்பேர்க்கில் டூபொண்ட் கம்பனி பல்லாண்டுகளாக பி.எப்.ஓ.ஏ.யை ஆற்றிலும் நிலத்திலும் விட்டபோது, அதற்குச் சட்டத்தில் எண் எதுவும் இருக்கவில்லை. கம்பனி தனக்குள்ளே 1991இல் குடிநீருக்கு ஓர் எண்ணை வைத்திருந்தது: இலீற்றருக்கு 1,000 நனோகிராம். ஊராரின் நீர் அதனையும் மீறியமை தெரிந்தபோது ஊராருக்குச் சொல்லப்படவில்லை. மாட்டுப் பண்ணையாளர் ஒருவர் தம் பசுக்கள் மடிவதைக் கண்டு சட்டத்தரணியைத் தேடிச்சென்ற பின்னரே வழக்கு எழுந்தது. 2002இல் மாநில அரசின் குழுவொன்று கூடி ஓர் எண்ணை அறிவித்தது. அது 150,000 நனோகிராம்! இன்றைய அமெரிக்க எல்லையின் 37,500 மடங்கு அது. பின்னர் ஏறத்தாழ 69,000 பேரின் குருதியும் நோய்க்குறிப்புகளும் திரட்டப்பட்டு, சிறுநீரகப் புற்றுநோய், விதைப் புற்றுநோய், தைரொயிட் நோய் உள்ளிட்ட ஆறு நோய்நிலைகளோடு அப்பொருளுக்குத் தொடர்பிருத்தல் கூடும் என 2012இல் விஞ்ஞானக் குழு முடிவு கூறியது. மக்களின் அரசு எண்ணை எழுதாதபோது அவ்விடம் வெறுமையாக இருப்பதில்லை. பல்தேசியக் கம்பனி அதனை எழுதிக்கொள்கின்றது. தன் இரும்புப் பெட்டிக்குள் பூட்டியும் வைத்துக்கொள்கின்றது.

மேலும், எண் மாறுகின்றது என்பது எண்ணே வேண்டாம் என்பதற்கு நியாயமாகாது. எல்லை எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை அறிந்தோர் அதில் விஞ்ஞானத்தோடு தீர்மானமும் கலந்திருப்பதை அறிவர். தீங்கு தோன்றாத அளவை ஆய்விலிருந்து எடுத்து, விலங்குக்கும் மனிதனுக்கும் இடையிலும் மனிதருக்குள்ளேயும் உள்ள வேறுபாட்டுக்காக அதனைப் பத்தாலும் பத்தாலும் வகுத்து, அதில் ஒரு பங்கை மட்டும் நீருக்கு ஒதுக்கி, பின்னர் ஒரு மனிதனைக் கற்பனை செய்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கற்பனை மனிதன் 60 கிலோ நிறையுடையவன். நாளொன்றுக்கு இரண்டு இலீற்றர் நீர் குடிப்பவன். சம்மாந்துறை வட்டையில் சித்திரை வெயிலில் நிற்கும் விவசாயியை இவனோடு ஒப்பிடுக. ஐம்பது கிலோ நிறையுள்ள அவன் நான்கு இலீற்றர் குடித்தால், ஒரே நீரிலிருந்து உடல் நிறைக்கு ஏற்பச் சேரும் நஞ்சு அக்கற்பனை மனிதனுக்குச் சேர்வதிலும் 2.4 மடங்காகும். ஆதலின் பிறநாட்டு எண்ணை அப்படியே பெயர்த்தெழுதினாலும் நமக்குப் போதாது. புளோரைட்டு விடயத்தில் இந்நாடு இதனை முன்னரே செய்துகாட்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனம் 1.5 மில்லிகிராம் என்று வைத்திருக்க, தட்பவெப்பத்தையும் அருந்தும் நீரின் அளவையும் நோக்கியே தேசிய எல்லையை வகுக்கவேண்டும் என்று அந்நிறுவனமே கூறியிருக்க, நமது 2013ஆம் ஆண்டு நியமம் 1 மில்லிகிராமில் நின்றது. ஒன்றிற் காட்டிய துணிவை மற்றொன்றிற் காட்டுவதற்கு எது தடை?

நனோகிராம் என்றதும் முகஞ்சுளிப்போர் இருக்கின்றனர். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நனோகிராம். அத்துணை நுண்ணிய அளவுக்கு இத்துணை ஆரவாரமா என்பர். நமக்கெல்லாம் தெரிந்த நீர்நிலையொன்றை வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். இங்கினியாகலையிலுள்ள சேனநாயக்க சமுத்திரம் ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும். அதாவது 95 கோடி கனமீற்றர். அது விளிம்புவரை நிரம்பியிருக்கும்போது முழு நீரையும் இலீற்றருக்கு 4 நனோகிராம் என்ற எல்லைக்குக் கொண்டுவர நான்கு கிலோவிற் குறைந்த பி.எப்.ஓ.ஏ. போதும். சந்தையிலிருந்து ஒருவன் கையிற் தூக்கிவரும் அரிசிப் பையின் நிறை அது. இந்தப் பொருளைக் கைத்தொழில் உலகம் தொன் கணக்கில் உற்பத்தி செய்தது.

எதிரணியில் மட்டுமன்றி நமது அணியிலும் சிலரோடு எனக்குப் பிணக்குண்டு. ஓர் அணுவேனும் கூடாது, முற்றாகத் தடைசெய்க என்று மேடையில் முழங்குவோர் அவர்கள். மழைநீரிற்கூட இச்சேர்வைகள் கலந்துள்ளன என்பது 2022இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாகியுள்ள நிலையில், பூச்சியத்தை எல்லையாக்குவது எந்த நீரையும் குடிக்கவிடாத எல்லையாகும். மீறாமல் இருக்க முடியாத சட்டத்தை எவரும் மதியார். கிளைபோசேற்றுக்கு நேர்ந்ததை நாம் மறந்துவிட்டோமா? 2015இல் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. இடையில் எந்த ஊரின் கிணற்றில் எவ்வளவு இருந்தது, தடையின் பின் எவ்வளவு குறைந்தது என்பதைத் தொடர்ந்து அளந்து மக்களுக்குச் சொல்வோர் இருக்கவில்லை. நமது ஆட்சியாளர் அறிந்தவை இரண்டே: ஒன்று மௌனம், மற்றது திடீர்த் தடை. அளந்து, எல்லை வகுத்து, காத்து, திருத்தும் பொறுமையான நடுவழி அவர்களுக்குச் சலிப்பூட்டுகின்றது.

அந்நடுவழி இல்லாத இடத்தில் வணிகன் புகுந்துவிடுகின்றான். வசதியுள்ளவர் வீட்டில் புடைமாறிப் பிரசாரண வடி இயந்திரம் பொருத்தப்படுகின்றது. அதற்கு இச்சேர்வைகளை அகற்றும் ஆற்றல் உண்மையில் உண்டு, ஏவப்பட்ட காபனுக்கும் உண்டு. ஆனால் மருதமுனையில் தறியிலிருந்து இறங்கிவந்து கப்பியில் நீரள்ளும் நெசவாளிக்கு அந்த இயந்திரம் கிட்டுமா? கர்ப்பிணிக்கும், பால்மாவை நீரிற் கரைத்தூட்டும் தாய்க்கும் எட்டாத பாதுகாப்பு பாதுகாப்பாகாது. சுவீடனின் ரொனபியில் விமானத்தளத்துத் தீயணைப்பு நுரை ஊர்க் குடிநீரிற் கலந்தமை 2013இல் வெளிப்பட்டது; குருதியில் இச்சேர்வை உயர்ந்திருத்தலே உடற்காயம் என அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023 டிசம்பரிற் தீர்ப்பளித்தது. நீர் வழங்கியவரே பொறுப்பாளி என்று அங்கு ஆயிற்று. தனித்தனி வீட்டார் வடி வாங்கிக்கொள்ளுக என்று அந்நீதிமன்றம் சொல்லவில்லை.

ஆகவே நமது கோரிக்கை இது. எஸ்.எல்.எஸ். 614 அடுத்துத் திருத்தப்படும்போது, ஸ்ரொக்ஹோம் பட்டியலிலுள்ள மூன்று சேர்வைகளுக்கேனும் இடைக்கால எல்லை விதிக்கப்படல் வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதனை மீளாயும் கடமையும் அதிலேயே எழுதப்படல் வேண்டும். கணக்கிடும்போது இந்நாட்டவரின் நிறையையும் தாகத்தையும் எடுத்துக்கொள்க. அளக்கும் கருவி விலையுயர்ந்தது என்பது மெய். திரவ நிறப்பகுப்போடு இணைந்த திணிவு நிறமாலைமானி ஊருக்கு ஒன்று வைக்கக்கூடியதன்று. கிழக்கு மாகாணத்துக்கு ஒன்று வைக்கலாம். ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கின்றது. எல்லை விதிக்கப்பட்டால் கருவிக்குப் பணம் கேட்கும் நியாயம் நமக்குக் கிடைக்கும். கருவி வந்த பின்னர் எல்லை என்போர் கடல் வற்றிய பின்னர் கருவாடு தின்னச் சொல்கின்றனர்.

பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை முப்பது கிணறுகளையும், கொண்டவெட்டுவானிலிருந்து வரும் குழாயில் ஐந்து இடங்களையும் தெரிந்துகொண்டு, வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒருமுறையும் மழை ஓய்ந்த பின் ஒருமுறையும் மாதிரி எடுப்பது மாணவராலும் ஆகக்கூடிய வேலை. பெறுபேற்றை ஆய்வேட்டுக்குள் புதைக்காமல் பள்ளிவாசல், கோயில், பொதுநூலகம் ஆகியவற்றின் அறிவித்தற் பலகைகளில் ஒட்டவேண்டும். அத்தாளில் மூன்று நிரல்கள் போதும்: கிணற்றின் இலக்கம், காணப்பட்ட அளவு, சட்டம் அனுமதிக்கும் அளவு. முதலிரண்டு நிரல்களை நாமே நிரப்பிவிடலாம். 2013ஆம் ஆண்டு நியமத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நிரலில் எழுதுவதற்கு எதுவும் இல்லை.